சன்னல் பக்கம்

பதினான்காம் கட்டில். சுல்மிரா. வயது எண்பத்தொன்று.
இடுப்பெலும்பு முறிவு.
அதன் கீழே மூன்று இரவுகளாக
என் பெயரோடு ஒரே வரி:
சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது என்றேன்.
தலையாட்டினார்.
தண்ணீர்கூடக் கூடாது என்றேன்.
அதற்கும் தலையாட்டினார்.
ஐந்து மணிக்கு
உறையின் மேல் பிஸ்கட் தூள்.

அறுவை சிகிச்சை தள்ளிப்போனது.
மருத்துவர் யாரையும் திட்டவில்லை,
தொப்பியைக் கழற்றிக் குப்பையில் போட்டார், அவ்வளவுதான்.
'மறதி நோயாக இருக்கலாம்' என்றாள் பகல் பணியில் இருந்த கிராசியெட்.
மாலையில் நான் பொறுப்பேற்கும்போது
அந்த 'லாம்' எங்கோ உதிர்ந்திருந்தது.

அன்றிரவு மூடுபனி.
மத்தோசின்யோசில் பனி இறங்கினால்
துறைமுகச் சங்கு நிமிடத்துக்கொரு முறை ஊதும்.
இருபத்திரண்டு நோயாளிகள், நாங்கள் இரண்டு பேர்,
ஆறாம் கட்டிலில் சொட்டு மருந்து நின்றுவிட்டது,
பதினொன்றில் வாந்தி.
இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை.
சமாதானமாகவும்தான் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு அந்த அறையில் பேச்சுக் குரல்.
எட்டிப் பார்த்தேன்.
தரை துடைக்கும் அதெரிதோ
துடைப்பக் கழியில் தாடையை ஊன்றி நிற்கிறான்.
சுல்மிரா பேசிக்கொண்டிருக்கிறார்,
முழு வாக்கியங்களில்,
இடையே கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு.

மத்தி மீன் ஆலை.
படகு வந்தால் சங்கு ஊதுவார்களாம்,
எந்த நேரமானாலும் எழுந்து ஓட வேண்டுமாம்.
முப்பத்தெட்டு வருடம்
டின் மூடும் இயந்திரத்தின் அருகே ஒரே இடம்.
இயந்திரம் இடப்பக்கம்.

வெளியே வந்தவனை நிறுத்திக் கேட்டேன்:
உன்னிடம் மட்டும் எப்படிப் பேசுகிறார்?
அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.
'நான் சன்னல் பக்கமும் துடைக்க வேண்டுமே' என்றான்.

கதவு இடப்பக்கம்.
மாத்திரை வண்டி இடப்பக்கம்.
இரத்த அழுத்தக் கருவி, குறிப்பேடு, அழைப்பு மணி,
மருத்துவர்கள், அவர்கள் பின்னால் ஆறு மாணவர்கள்,
நான்,
எல்லாரும் இடப்பக்கம்.
செத்துப்போன ஒரு காதுக்குள்
மூன்று நாளாக அன்பாகவும் அதட்டியும் பேசியிருக்கிறோம்.

சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே
ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி.
வெப்பக் குழாய் முழங்காலைச் சுட்டது.
குனிந்து மெல்லச் சொன்னேன்:
நான் நொயெமியா, இரவுச் செவிலி.

திரும்பிப் பார்த்தார்.
'ஓ, நீயா.
வருகிறாய், வாயை அசைக்கிறாய், போகிறாய்.
ஊமையோ, பாவம் என்று நினைத்தேன்.
அதனால்தான்
மனம் நோகாமல் தலையாட்டினேன்.'

சிரித்துவிட்டேன்.
பிறகு கழிவறைக்குப் போய்
தேவைக்கு மேல் நேரம் கை கழுவினேன்.

கணினியில் பழைய வரி அழியாது.
எழுதியவள் நினைத்தாலும் அழியாது, விதி அப்படி.
கீழே ஒன்று சேர்க்கலாம். சேர்த்தேன்:
வலக் காது கேட்கும். சன்னல் பக்கம் போய்ப் பேசவும்.
ஒரு நிமிடம் யோசித்து
இன்னொரு வரி:
நாங்கள் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறுவை முடிந்தது.
முந்தைய இரவு ஒரு துளி நீரும் தொடவில்லை.
பிஸ்கட் பொட்டலத்தை என்னிடமே கொடுத்து வைத்தார்,
எத்தனை இருக்கிறது என்று
எண்ணிக் காட்டிவிட்டு.

பதினைந்தாம் கட்டில். அர்மிந்து. புதிதாக வந்தவர்.
குறிப்பில் கிராசியெட் எழுதியிருக்கிறாள்:
எரிச்சல்காரர். தொட்டால் கத்துகிறார்.

வாசலில் நின்றேன்.
பிறகு கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
அதெரிதோ அப்போதுதான் துடைத்திருந்தான்,
ஈரத்தில் என் செருப்புத் தடம் பதிந்தது.
மறுபடி சுற்றினேன்.